சைக்கிள் சொல்வதை நம்பாதே

அன்பு வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நீ அனுப்பும் கட்டைவிரல் படம் சொல்கிறது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன் என்று நீ வாங்கிக் கொடுத்த சைக்கிள் உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு பேர் பேச்சையும் முழுதாக நம்ப முடியாமல்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், நானும் ஒன்றுமில்லைம்மா, நீ போ என்று வைத்துவிடுவேன். செய்தியாக அனுப்பினால் கட்டைவிரல் வரும். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது பார், அதனால் இது.

பதறாமல் படி. அப்பா விழுந்துவிட்டேன். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், வலி இப்போது அவ்வளவாக இல்லை. கட்டுக்கடங்காத மனுஷன் என்று உன் அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டே இருப்பாள், கடைசியில் கட்டுக்குள் அடங்கிவிட்டேன். விழுந்தது நம் ஏரிக்குப் பின்னால் இருக்கிற ஜல்லிப் பாதையில். கரடுமுரடான வழிக்கென்றே செய்த வண்டி என்று நீ சொன்னது பொய்யில்லை, வண்டி கரடுமுரடுக்குத் தயாராகத்தான் இருந்தது, ஓட்டுகிறவன் தயாரா என்று செய்தவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஏறும்போது வண்டியின் பேட்டரி மோட்டார் முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி சுகமாக ஏறினேன். இறங்கும்போது முன் பிரேக்கைக் கொஞ்சம் பலமாகப் பிடித்துவிட்டேன். வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. கல் ஏற்றப் போன லாரிக்காரர் ஒருவர்தான் பார்த்து இறங்கி வந்தார். வண்டியை ஒரே கையால் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு என்னைத் தூக்க இரண்டு கையும் போதாமல் திணறினார். என்ன சார், சைக்கிள் இறகு மாதிரி இருக்கு, நீங்க ஏன் இப்படி இருக்கீங்க என்று கேட்டார். அந்த வலியிலும் சிரித்துவிட்டேன். வண்டியின் எடையைத் தூக்கலாம் தம்பி, விலையைத்தான் தூக்க முடியாது, அதை என் பொண்ணு தூக்கியிருக்கா என்றேன்.

இனிமேல்தான் வேடிக்கை. வண்டியின் சுவிட்சை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அது லாரியில் படுத்துக்கொண்டே, போகிற வழியை வரைபடத்தில் கோடாக இழுத்து, வேகத்தோடு சேர்த்து உன் போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. மருத்துவமனையில் எனக்குக் கட்டுப் போடும்போது உன்னிடமிருந்து செய்தி வந்தது, அப்பா செம ஸ்பீடு, பறக்கறீங்க என்று. கட்டுப் போட்ட நர்ஸ் பெண், யாருங்க என்று கேட்டாள். நான் நல்லா இருக்கேனாம், பொண்ணு சொல்றா என்றேன். அவளுக்குச் சிரிப்பு. அறுபது தாண்டியவன் மேட்டில் லாரி வேகத்தில் எப்படி ஏறுவான் என்று உனக்குச் சந்தேகம் வரும், உடனே கூப்பிடுவாய் என்று அன்றைக்குச் சாயங்காலம் வரை போனை மடியிலேயே வைத்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. அந்த வருத்தத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டேன், நீயும் அதை நினைத்து அழாதே, கோட்டுக்கு முகம் கிடையாது, நீ என்ன பார்ப்பாய்.

வண்டி சந்து முனையில் இருக்கிற சைக்கிள் கடையில் விடப்பட்டது. அந்தக் கடைக்காரரை உனக்குத் தெரியும், சின்ன வயதில் உன் பஞ்சர் எல்லாம் ஒட்டியவர், ஸ்பானர் என்று நீதான் பேர் வைத்தாய். பின்னால் செயினைத் தாங்குகிற கொக்கி வளைந்திருந்தது. அதை நிமிர்த்திவிட்டு, இதெல்லாம் சும்மா நிறுத்தி வெச்சா பேட்டரி சோம்பேறி ஆயிடும் சார், தினம் ஒரு ரவுண்டு போகணும் என்றார். அப்போ நீங்களே ஓட்டிட்டுப் போங்க என்றேன். வாலு, மூன்று வாரமாக நீ கைதட்டிக்கொண்டிருப்பது ஸ்பானருக்கு. மேட்டில் புது ரெக்கார்டு என்று கோப்பைப் படம் அனுப்பினாயே, அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். மனுஷன் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு இரண்டு தரம் வாங்கிப் பார்த்தார். அதற்கு மறுநாள் இன்னும் வேகம். ஒரு நாள் அவர் போகவில்லை, ஏம்ப்பா இன்னைக்கு ரெஸ்ட்டா என்று நீ கேட்டாய், ஆமாம்மா என்று எழுதினேன். ஜல்லியில் ஓட்ட முடியாதவன் ஜல்லியடித்துக்கொண்டிருந்தேன். பாராட்டு யாருக்கு வந்தால் என்ன, வருகிறதே என்றிருந்தது.

இங்கே எல்லாம் எப்போதும் போல. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள், சட்டைப் பொத்தானும் வராது என்று இப்போதுதான் தெரிகிறது. மாடி வீட்டு டீச்சரம்மா காலையில் பள்ளிக்குப் போகும்போது கதவைத் தட்டி, சார் மூடி ஏதாவது திறக்கணுமா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். மருந்து பாட்டில், ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் திறந்தபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஹாலில் வண்டி மாட்டுகிற கொக்கி காலியாக இருக்கிறது. ஸ்பானர் கடையில் வேறு சார்ஜர் வைத்திருக்கிறார், வீட்டுச் சார்ஜரை நான் பிடுங்கவில்லை, அது பாட்டுக்குப் பச்சை விளக்கோடு யாருக்கோ காத்திருக்கிறது, சரி நம்ம ஜாதி என்று விட்டுவிட்டேன். கார்பன் வண்டி என்று நீ சொன்னபோது எனக்குக் கோடவுன் பில் புத்தகம்தான் ஞாபகம் வந்தது. முப்பது வருஷம் கார்பன் தாள் வைத்துப் பில் போட்டவன் நான். அசல் வாங்குகிறவருக்கு, நகல் நமக்கு. இப்போது என்ன ஆயிற்று என்றால் தினமும் நகல் உனக்கு வந்துவிடுகிறது, அசல் இங்கேயே கிடக்கிறது.

என் போனிலும் அந்தக் கோடு வரும் அல்லவா, காலையில் அதைப் பார்த்துக்கொண்டே காபியை ஆறவிடுவது வழக்கமாகிவிட்டது. தினமும் அந்த மேட்டின் உச்சியில் ஒரே வாசலில் கோடு கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு திரும்பும். நேற்று ஸ்பானர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார், மூணு வாரம் ஓட்டிட்டேன் சார், மாட்டிடவா என்றார். மேலே யாரு வீடு, தினம் நிக்கறீங்க என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். பொண்ணு வீடு சார், கட்டிக் கொடுத்த இடம் அது. நம்ம பழைய வண்டில அந்த மேடு ஏறினா மூச்சு போயிடும், அதனால எப்பவாவதுதான் போவேன். இப்போ தினம் போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வரேன், என்னப்பா திடீர்னு பாசம்னு கிண்டல் பண்றா என்றார். சொல்லிவிட்டு வண்டியை மாட்டக் கொக்கியைத் தேடினார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நீ வாங்கிக் கொடுத்த வண்டி தினம் தவறாமல் ஒரு மகளைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறது, அது என் மகள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மாட்ட வேண்டாம், கட்டுப் பிரிக்கிற வரைக்கும் நீங்களே ஓட்டுங்க, பேட்டரி சோம்பேறி ஆயிடப்போகுது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

ஆக, நாளைக்கும் கோடு வரும். அதற்கு நீ தாராளமாகக் கோப்பை அனுப்பு, அவருக்குக் காட்டுகிறேன். ஆனால் அதைப் பார்த்து அப்பா நன்றாக இருக்கிறார் என்று எழுதிக்கொள்ளாதே. லீவு போட்டு ஓடி வரவும் வேண்டாம், எலும்பு தானே கூடிவிடும். ஒன்று மட்டும் செய். காலையில் கோடு மேட்டில் ஏறி அந்த வாசலில் நிற்கும், உனக்கு அது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். நீ எப்படியும் நின்றுகொண்டே, போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவள். கோடு நின்றதும் எனக்கு ஒரு போன் போடு. அது நகரும் வரைக்கும் பேசு, பிறகு வைத்துவிடு, அதற்கு மேல் கேட்க மாட்டேன். இரண்டு அப்பாக்களும் ஒரே நேரத்தில் மகளோடு பேசிக்கொண்டிருக்கட்டும். அவரைக் கொஞ்சம் அதிக நேரம் உட்காரச் சொல்லி நான் கெஞ்சிக்கொள்கிறேன்.

உட்கார்ந்து சாப்பிடு. குளிர்கிறது என்றால் ஜன்னலைச் சாத்து, என்னிடம் சொல்லிக்கொண்டிருக்காதே. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், எந்த மேட்டிலும் உனக்கு முதுகில் ஒரு கை இருக்க வேண்டும்.

போனை மடியில் வைத்துக்கொண்டு,
உன் அசல் அப்பா