புது டிஸ்கில் பால் காய்ச்சிய நாள்

அன்புள்ள டீச்சர்,

பேத்தி தன் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். சூடேறிய தூசி வாசம். நம் பள்ளிக்கூட லேப் வாசம். "எல்லாத்தையும் புது டிஸ்குக்கு மாத்திட்டேன் அம்மாயி, பழச அழிச்சிரப் போறேன்" என்றாள். "கைய எடு மொதல்ல" என்று கத்திவிட்டேன். லேப் கூட்டிய எனக்கு என்ன தெரியும் என்று சிரித்தாள். தெரிந்ததெல்லாம் உங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

நம் லேப்பில் அது நடந்த அன்று வெள்ளிக்கிழமை. தமிழ் மீடியம் பிள்ளைகள் வருசம் முழுக்க வரைந்ததும் எழுதியதும் அங்கிருந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் இருந்தன. திங்கட்கிழமை கண்காட்சி. டிஸ்க் நிரம்பிப் பிள்ளைகளை உள்ளே விடவில்லை. அவர்கள் வேலையெல்லாம் இருந்த ஹோம் டைரக்டரியைப் புது டிஸ்குக்கு நகலெடுக்கப் போட்டுவிட்டு, நீங்கள் டீ குடிக்கப் போனீர்கள்.

கடைசி மணி அடித்ததும் லேப்பின் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது ஹெட்மாஸ்டர் உத்தரவு. ஒருமுறை மறந்ததற்கு, "மண்டையில ஒண்ணுமே இல்லையா?" என்று பிள்ளைகள் முன்னால் கேட்டவர். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மணி அடித்தது. அணைத்தேன்.

நீங்கள் ஓடி வந்தீர்கள். பின்னாலேயே ஹெட்மாஸ்டர். "காப்பி ஓடறப்ப ஆரு ஆஃப் பண்ணுனது?"

"நாந்தானுங்க சார். கவனிக்கலைங்க" என்றீர்கள் நீங்கள்.

திட்டையெல்லாம் நின்று வாங்கிக்கொண்டீர்கள். விளக்குமாற்றைப் பிடித்தபடி நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் போனதும் அழுதேன். "எல்லாம் போச்சுங்களா டீச்சர்?"

"எங்கீங்கம்மா போகும்? புது ஊட்டுல பால் காச்சி, நாலு நாள் இருந்து பாத்துட்டுத்தானே பழைய ஊட்டுச் சாவியக் குடுப்போம்? பழசு அப்படியே இருக்குதுங்க."

மெயினைப் போட்டு, மறுபடி முதலிலிருந்து நகலெடுத்தீர்கள். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு, பழையதன் பெயரை மாற்றி ஓரமாக வைத்தீர்கள். இனி ஹோம் புது டிஸ்கில்தான் என்று கம்ப்யூட்டருக்குள் ஒரு வரி எழுதி, அதை அணைத்து மறுபடி போட்டீர்கள். எல்லாப் பிள்ளைகளின் பக்கமும் திறந்தது. கண்காட்சி முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் பழையதை அழித்தீர்கள். "நீங்களே தட்டுங்கம்மா" என்று என் விரலைத்தான் வைக்கச் சொன்னீர்கள்.

போன வாரம் உங்கள் இரங்கல் கூட்டத்துக்கு அந்த ஹெட்மாஸ்டரும் வந்திருந்தார். "நல்ல டீச்சர். கவனம்தான் கொஞ்சம் பத்தாது" என்றார் மைக்கில்.

எழுந்து நின்றேன். "அன்னிக்கு மெயின ஆஃப் பண்ணுனது நானுங்க சார். எங்க டீச்சருக்குக் கவனம் இருந்ததாலதான் பிள்ளைங்க வேலை ஒண்ணுகூடப் போகல."

அவர் மைக்கை வைக்கிறவரை நான் உட்காரவில்லை, டீச்சர்.