ஊனாவுக்கு ஒரு தட்டு

அன்புள்ள ஃபின்டனுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறேன்.

இங்கே பாஸ்டனில், நான் சமைக்கும் வீட்டில், ஹாலோவீன் விருந்துக்கு ஏற்பாடு நடக்கிறது. “எங்க அயர்லாந்துல அன்னைக்குச் செத்தவங்க வீடு தேடி வருவாங்கன்னு அவங்களுக்கும் ஒரு தட்டு வைப்போம்” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“அட, பிரமாதம் பாட்டி! அந்தத் தட்டு முன்னாடி ஒரு நாற்காலி போட்டு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை உட்கார வச்சிடலாம்!” என்று வீட்டுக்காரம்மா கைதட்டினாள். நானும் சிரித்துவைத்தேன்.

செத்துப்போன நம் மகள் ஊனாவுக்கு இந்த வீட்டு வழி தெரியாது. அங்கே நம் வீட்டுக்குத்தான் வருவாள். போன வருடம் தட்டு வைக்காமல் தூங்கிவிட்டீர்கள், நான் மறக்கவில்லை. இந்த முறையாவது உருளைக்கிழங்கு மசியலில் வெண்ணெய் விட்டு வையுங்கள். கதவைத் தாழிடாதீர்கள்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். எனக்கும் நீங்கள் தட்டு வைக்கும் நாள் வரும். இப்போதே கை பழகட்டும்.

ஈட்னா