இருட்டில் கேட்கும் மீன் டின்

ஆகஸ்ட் 4, திங்கள்

கொசுவலைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். எங்கள் வாத்தியமும் அதன் திட்டமும் தயார். காலி மீன் டின்தான் உடல், உள்ளே ஒரு சின்ன மைக். இசை தெரியாதவர்களுக்காக. சீட்டியடித்தால் போதும், கிடார் ஒலியாக்கித் தரும். கேட்ட சுரங்களைத் திரையில் காட்டும். நிரல் எழுதியது செலு அக்கா, பெரியப்பா மகள். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம், மாற்றலாம் என்று எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிட்டாள்.

பகலில் சோதிக்க முடியவில்லை. சேவல்கள், பாட்டு அலறும் பஸ், தேவாலயத்தில் பாடகர் குழு. எங்கள் சவாயித் தீவில் இரவில்தான் அமைதி. ஆனால் இருட்டில் சீட்டியடிக்கக் கூடாது. அடித்தால் ஐட்டு பதிலுக்கு அடிக்கும். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அந்த ஆவி அவளிடம்தான் வரும் என்பார்கள். அம்மாவுக்கு இது எட்டாம் மாதம்.

சமையல் கொட்டகையில் போய் மெதுவாகத்தானே அடித்தேன்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திரையில் என் சுரங்களுக்குக் கீழே இன்னொரு வரிசை. தாழ்ந்த சுரங்கள்.

செலு அக்கா சிரித்தாள். "எதிரொலிடீ. மீன் டின்னுக்குள்ள நீ பாடினாக்கூட மீன் பதில் சொல்லும்."

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று நான் சீட்டியடிக்கவே இல்லை. டின்னை வைத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. திரையில் சுரங்கள் வந்தன, ஒவ்வொன்றாக. நான் மனதுக்குள் நினைத்திருந்த மெட்டு.

இது எதிரொலியா?

ஆகஸ்ட் 9, சனி

காலையில் அம்மா, "ராத்திரி எவடி சீட்டியடிச்சது? காதுகிட்ட கேட்டுச்சு" என்றாள்.

"உன் குறட்டைய நீயே கேட்டிருப்ப" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. "நேத்துலருந்து பிள்ள அசையல, மனுஷா."

சாயங்காலம் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். குழந்தையின் துடிப்பு மெலிந்திருக்கிறதாம். அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். நான்தான் கூப்பிட்டேன். நான்தான். யார்ட்ட போய்ச் சொல்றது?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

செலு அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "இருட்டுலயா அடிச்ச? லூப்பே, உனக்குப் புத்தி எங்கடி போச்சு?"

உட்கார்ந்து நிரலை மாற்றினாள். மாலை ஜெப வேளை வந்ததும் டின்னின் காது தானாக மூடிக்கொள்ளும், விடியும் வரை. இணையத்திலும் அதையே மாற்றிப் போட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

திரை வெறுமையாக இருக்கிறது. அப்பா கைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்: "லூப்பே, பிள்ள உதைக்குதாம். உன் அம்மா கோழிச்சாறு கேக்குறா."

செப்டம்பர் 14, ஞாயிறு

தங்கை பிறந்து இரண்டு நாள் ஆகிறது. வீட்டுக்கு வந்துவிட்டாள். நல்ல எடை, நல்ல குரல்.

இரவு நார்வேயிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் திட்டத்தைப் பார்த்து ஒரு வாத்தியம் செய்திருக்கிறாராம். வேலை முடிந்து இரவில்தான் நேரம் கிடைப்பதால், காதை மூடும் வரியை நீக்கிவிட்டாராம். "அந்த இரண்டாவது குரல் அற்புதம். அது வருவதற்காகவே என் சின்ன மகள் தூங்காமல் காத்திருக்கிறாள். அதை எப்படிச் செய்தீர்கள்?"

செலு அக்காவை எழுப்பிக் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"பதில் போடாதே."

"அந்தப் பிள்ள, அக்கா…"

"போட்டா, அது வழி தெரிஞ்சு நம்மகிட்டயே திரும்பி வந்துடும்."

பக்கத்துப் பாயில் அம்மா தூங்குகிறாள். தங்கையின் மூச்சு கேட்கிறது. அவர் எழுதியதை அழித்துவிட்டேன்.