கூரை தாங்கும் எடை

நவம்பர் 16, ஞாயிறு

இன்று சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. பூசணி, வாழைத்தார், நாட்டுக்கோழி எல்லாம் ஏலம் போய் முடிந்ததும் என் வீட்டுக்காரரையும் ஏலம் விட்டார்கள்.

விட்டது அவருடைய கூடப்பிறந்த அண்ணன். எங்கள் மாடி வீட்டு ஜேசன் அத்தான். புது எலக்ட்ரிக் கார் வாங்கினதிலிருந்து அந்த மனுஷனுக்குக் கால் தரையில் இல்லை. எஸ்டேட் காராம். முதுகு நீளமாக, பின்னால் ஒரு கட்டிலே போடலாம். இந்த வருஷம் வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸுக்குக் குட்டி யானை வண்டி வாடகைக்கு எடுக்க வேண்டாம், என் காரே போதும் என்று செயலாளர் வேதசிரோமணி அண்ணனிடம் அறிவித்துவிட்டார். கீபோர்டு உள்ளே, குடில் வைத்த டிரெய்லர் பின்னால், கிறிஸ்துமஸ் தாத்தா மேலே கேரியரில்.

தாத்தா வேஷம் என்றால் எப்போதும் என் ஜெபின்தான். தபால் ஆபீஸ் கவுண்டரில் வருஷம் முழுக்கக் குனிந்த தலை நிமிராத மனுஷன், அந்த நாலு ராத்திரி மட்டும் ராஜா மாதிரி இருப்பார்.

"ஆனா கூரை எழுபத்தஞ்சு கிலோதான் தாங்கும். நம்ம தாத்தா ஏறினா கார் அப்பளம்தான்! ஏறுடா தராசுல." பூசணி நிறுத்த தராசில் அத்தான் அவரை ஏற்றினார். தொண்ணூற்று மூன்று. மைக்கைப் பிடுங்கி, "தொண்ணூத்தி மூணு கிலோ! ஒரு தரம்… ரெண்டு தரம்… யாரும் கேக்கலையா? கிறிஸ்டி, அப்ப நீயே தூக்கிட்டுப் போ!"

சர்ச்சே சிரித்தது. போதகரின் மனைவி ஐயரம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஜெபினும் சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நவம்பர் 17

காலையில் தோசை வேண்டாம் என்றார். "அண்ணன் சொல்லியிருக்கான். கேரலுக்குள்ள எழுபத்தஞ்சுக்கு வந்துட்டா என்னையே மேல ஏத்துறானாம். இல்லன்னா அவனே தாத்தா."

"உங்களுக்கு சுகர் இருக்கு. மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் பட்டினி கிடப்பீங்களா?"

"ஒரு மாசம்தானே."

மானம் ரோஷம் எதுவுமே கிடையாதா இந்த ஆளுக்கு? கண்ணாடி முன்னால் வயிற்றை எக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கரண்டியை வீசி எறிந்தேன். அதைக்கூட அவர்தான் எடுத்துக் கழுவி வைத்தார்.

நவம்பர் 25

எண்பத்தெட்டு. அத்தான் மாடிப்படியில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார். "வாசனை ஃப்ரீடா, நல்லா மோந்துக்கோ." ஜெனி அக்கா, "சும்மா இருங்க, பாவம்" என்று புருஷனை அதட்டினாள். அதட்டிக்கொண்டே லெக் பீஸை எடுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

நான் கணக்கு டீச்சர். ஒரு எண்ணைச் சொன்னால் சரிபார்க்காமல் விட மாட்டேன். அத்தான் கார் வாங்கின ஷோரூமுக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் பொறுமையாகவே சொன்னாள். "எழுபத்தஞ்சு கரெக்ட்தான் மேடம். ஆனா கேரியரோட வெயிட்டும் அதுலயே சேர்த்தி. பெட்டி, சைக்கிள் மாதிரி சாமானுக்குத்தான். ஆளு எவ்ளோ ஒல்லியா இருந்தாலும் ஏறவே கூடாது. கூரை முழுக்கக் கண்ணாடி. டிரெய்லரும் இழுக்கக் கூடாது, இந்த மாடலுக்குக் கொக்கியே கிடையாது. டெலிவரி அன்னிக்கே ஜேசன் சார்கிட்ட சொன்னோமே, மேடம்?"

தெரிந்தே செய்கிறார்! பாவி. தெரிந்தே தம்பியைக் காயப்போடுகிறார்.

ஜெபினிடம் இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? மாடிக்குப் போய்க் கேட்பார். அத்தான் தோளில் தட்டி, 'சும்மாடா' என்பார். இவர் சிரித்துக்கொண்டு இறங்கி வருவார். அதோடு முடிந்தது. வேண்டாம். பதினாலாம் தேதி கேரல் கமிட்டி கூடுகிறது. தராசில் ஏற்றினதைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் இருப்பார்கள். அங்கே வைத்து உரிக்கிறேன் தோலை. அதுவரை வாயைத் திறக்க மாட்டேன்.

ஜெபினுக்கும் கொஞ்சம் உடம்பு குறைந்தால் நல்லதுதானே?

டிசம்பர் 3

சொல்லவில்லை.

டிசம்பர் 8

எண்பத்தி நாலு. ஒரே ஒரு சப்பாத்தி, அதிலும் பாதியைப் பிய்த்து ஒதுக்கி வைக்கிறார். தண்ணீர் டம்ளரைப் பிடித்தால் கை ஆடுகிறது.

"என்னால முடியும்ல, கிறிஸ்டி?"

"முடியும்ங்க."

எனக்கு நாக்கு கூசவே இல்லை.

டிசம்பர் 12, வெள்ளி

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் நடக்கப் போனவர் மயங்கி விழுந்துவிட்டார். சர்க்கரை இறங்கிவிட்டதாம். கல்லில் முகம் அடித்து முன்பல் இரண்டு போச்சு. உதட்டில் தையல். யாரோ ஒரு ஆட்டோக்காரர் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். டாக்டர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருந்திருக்கார். வீட்ல யாரும் கவனிக்கலையாம்மா?"

கவனித்தேனே. நன்றாகக் கவனித்தேன்.

கண் விழித்ததும் அவர் கேட்டது — "வெயிட் பார்த்தாங்களா?"

ஐயோ கர்த்தரே. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா நான்? ஞாயிறு வரட்டும். இவ்வளவு பொறுத்தாயிற்று.

டிசம்பர் 14, ஞாயிறு

உரித்தேன். கமிட்டி மொத்தமும் உட்கார்ந்திருந்தது, நேற்று வீடு திரும்பிய ஜெபினும். ஷோரூம் பெண் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். கண்ணாடிக் கூரை. ஆள் ஏறவே கூடாது. கொக்கியே கிடையாது. வாங்கின அன்றே அவருக்குத் தெரியும்.

வேதசிரோமணி அண்ணன், "ஜேசன், இது நெசமா?" என்றார். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"விளையாட்டுக்குத்தான்ணே. அவன் உடம்பு குறையட்டுமேன்னு… குட்டி யானைக்கு நான் அப்பவே சொல்லி வச்சிட்டேன்."

"விளையாட்டா? என் புருஷனுக்குப் பல்லு போச்சுய்யா!" கத்தினேன். அத்தானை முதல் தடவையாக 'யோவ்' கணக்கில் பேசினேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். என்ன ருசியாக இருந்தது! மறைக்க மாட்டேன், அவ்வளவு ருசியாக இருந்தது.

அத்தான் மெதுவாகத் தலையைத் தூக்கினார். "நீ என்னைக்கு அங்க போன் பண்ணே, கிறிஸ்டி? ரெண்டாம் தேதிதானே? அந்தப் பொண்ணு அன்னிக்கே எனக்குச் சொல்லிடுச்சு, உங்க வீட்லருந்து ஒரு மேடம் கேட்டாங்கன்னு. நீ அவன்கிட்ட சொல்லிட்டே, அப்பவும் அவன் பிடிவாதமா இருக்கான்னு நான் நினைச்சேன். நான் கெட்டவன், சரி. நீ ஏன் சொல்லல? சொல்லியிருந்தா அவன் சாப்பிட்டிருப்பான்ல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜெபின் மட்டும் பார்க்கவில்லை. தையல் போட்ட உதட்டோடு தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணனுக்கும் தெரியும். உனக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியல."

டிசம்பர் 15

உங்களுக்காகத்தான் செய்தேன் என்றேன். யாருக்காகச் செய்தேன்?

டிசம்பர் 18

சாப்பிடுகிறார். தானே போட்டுக்கொண்டு, தட்டையும் தானே கழுவிவைத்து. அத்தான் கீழே வந்து அழுதார். "பரவால்லண்ணா, விடு" என்று இவர் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். இரண்டு பேரும் பேசிச் சிரிக்கிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. நான் போனதும் நின்றுவிட்டது.

டிசம்பர் 23

கேரல் எங்கள் தெருவுக்கு வந்தது. குட்டி யானையில் கீபோர்டு, டிரம், நட்சத்திர விளக்கு. அத்தானின் கார் கேட்டுக்குள் உறை போட்டபடி நின்றது.

தாத்தா இறங்கி வந்தார். சிவப்பு அங்கி அவருக்குத் தொளதொளவென்று தொங்கியது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். யாரிடம் கொடுத்துப் போட்டாரோ, என்னிடம் கேட்கவில்லை. முகமூடியோடு பிள்ளைகளைத் துரத்தினார். அத்தானை இழுத்துக் கட்டிப்பிடித்து ஆடவைத்தார். ஜெனி அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஹேப்பி கிறிஸ்துமஸ், அண்ணி!" என்றார்.

அப்புறம் என் முன்னால் வந்து நின்றார். முகமூடி ஓட்டை வழியாகக் கண் தெரிந்தது. பைக்குள் கையை விட்டு ஒரு மிட்டாயை எடுத்து, முன்பின் தெரியாத வீட்டில் கொடுப்பதுபோல என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஹேப்பி கிறிஸ்துமஸ், மேடம்."

தாத்தா தமாஷ் பண்ணுகிறார் என்று கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.