குட்டியை மேடையில் ஏற்றிய வருடம்

செப்டம்பர் 28

காலையிலிருந்து மழை. பந்தல்காரர் குடையோடு வந்து முற்றத்தை அளந்துவிட்டுப் போனார். நாலாம் தேதி உலக விலங்குகள் தினம். இந்த வருடமும் வன ஸ்டேஷனில் விழா நடத்தும் பொறுப்பு என் தலையில்தான். போன வருடம் வந்தவர்கள் பன்னிரண்டு பேர், மைக் செட்காரரையும் சேர்த்து. ரேஞ்சர் பிரகாசன் சார் இன்றும் விடவில்லை. "வல்சம்மே, இந்தத் தடவை மிருகங்களுக்கே பத்திரிகை வச்சிடுங்க. அதுங்களாவது வரும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பதினாறு வருடம் இந்தக் காட்டில் வேலை பார்த்தாயிற்று. இன்னும் ஊர்க்காரர்களுக்கு யானை என்றால் வாழையை மிதிக்க வரும் சனியன்தான். அதை மாற்றத்தானே விழா? யாரிடம் போய்ச் சொல்ல.

செப்டம்பர் 30

இன்றைக்கு ஒரே சந்தோஷம். விடிந்ததும் வாட்சர் வெளுக்கன் ஓடிவந்தான். காப்பித் தோட்டத்துக்குள் யானை வராமலிருக்க வெட்டிய அகழியில் ஒரு குட்டி விழுந்து கிடக்கிறது என்றான். பெண் குட்டி. மூன்று மாதம்கூட இருக்காது. தாய் மேலே நின்று கரையை உதைத்து உதைத்தே பாதி சரித்திருந்தாள். பட்டாசு வெடித்து அவளை ஓடைக்கு அந்தப் பக்கம் விரட்டினோம். ஜேசிபி வந்து மீதிக் கரையை இடித்தது. குட்டி தானாகவே மேலே ஏறி வந்து என் காலில் முட்டியது!

பின்னங்காலில் சிராய்ப்பு. டாக்டர் மருந்து போட்டுவிட்டு, "பெருசா ஒண்ணுமில்ல, சாயங்காலமே விட்டுடலாம்" என்றார். அதற்குள் வெளுக்கன் தாய் இருக்கும் யானைக் கூட்டத்தின் சாணியை ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்துவிட்டான். அதைக் குட்டிமேல் பூசினால் மனுஷ வாடை மறைந்துவிடும், தாய் சேர்த்துக்கொள்வாள். எப்போதும் அப்படித்தான் விடுவோம்.

கொஞ்சம் பொறு என்றேன். ஏன் சொன்னேன்? நாலாம் தேதிக்கு இன்னும் நாலே நாள் என்று மனது கணக்குப் போட்டுவிட்டது, அதனால்தான். புண் ஆறட்டும், விழாவுக்கும் ஆகும் என்று ரேஞ்சரிடம் கேட்டேன். அவர் நழுவிவிட்டார். "உங்க விழா, உங்க இஷ்டம்."

அக்டோபர் 1

என் இஷ்டப்படியே ஆயிற்று. குட்டி ஜீப் ஷெட்டில் இருக்கிறது. பவுடர் பாலை மடமடவென்று குடிக்கிறது, பாட்டில் தீர்ந்தால் என் விரலைச் சப்புகிறது. பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போன் செய்தேன். ஆறு பள்ளிகள் வருகின்றன. மந்திரியே வருகிறாராம். வீட்டில் ஜோயிக்கு ஒரே பெருமை. "அப்போ என் பொண்டாட்டியை டிவியில பாக்கலாம்னு சொல்லு!"

வெளுக்கன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.

"ஓடைக்கு அந்தப் பக்கமே நிக்குது மேடம். சரியா மேயக்கூட இல்ல."

"நாலு நாள்தானே வெளுக்கா. இதைப் பாத்தா அறுநூறு பிள்ளைங்க மனசு மாறும்."

"பிள்ளைங்க மனசு மாறும் சரி. அந்தத் தாய் மனசு மாறிட்டா?"

பேனரில் எழுத்துப்பிழை இருந்தது. அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

அக்டோபர் 2

இன்றும் நிற்கிறாள். பிளிறல் ஸ்டேஷன்வரை கேட்டது. குட்டி காதை விரித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியது. நான் பாட்டிலை நீட்டினேன்.

அக்டோபர் 3

வெளுக்கனோடு சண்டை. கேன்டீன் ஓமனா சேச்சியும் நானும் குட்டியைக் குளிப்பாட்டினோம். "விசேஷத்துக்குக் கூட்டிட்டுப் போற பிள்ளையைக் குளிப்பாட்டாமலா?" என்று சேச்சிதான் ஆரம்பித்தது. கோயில் யானையைத் தேய்ப்பதுபோல் சோப்பும் தேங்காய் நாருமாகத் தேய்த்து, நெற்றியில் சந்தனமும் இட்டோம். அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

வெளுக்கன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். "சோப்பா? என்ன காரியம் பண்ணிட்டீங்க மேடம்! இதுக்குமேல எத்தனை சாக்கு சாணி பூசினா இந்த வாடை போகும்?"

"பின்ன, மந்திரி முன்னாடி சாணியோட நிறுத்தணுமா? உன் வேலையைப் பாருடா."

அவனை நான் டா போட்டது இன்றுதான். என் வயதுக்காரன். திரும்பிப் போய்விட்டான். தாய் இன்னும் நிற்கிறாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அக்டோபர் 4

என்ன கூட்டம்! பந்தலுக்கு வெளியே ரோடுவரை நின்றார்கள். மந்திரி குட்டிக்கு 'மாளு' என்று பேர் வைத்தார். பிள்ளைகள் வரிசையில் வந்து ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பெண்குழந்தை முத்தம் கொடுத்தது. ரேஞ்சர் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். காலை ஒன்பதிலிருந்து நாலுவரை மைக் ஓயவில்லை. வெளுக்கன் வரவில்லை.

சாயங்காலம் விடுவதாக இருந்தது. மந்திரி கிளம்பவே இருட்டிவிட்டது. நாளைக்கு.

அக்டோபர் 5

எப்படி எழுத.

ஓடையருகே யாரும் இல்லை. மைக் சத்தத்தில் யானைக் கூட்டம் காட்டுக்குள் போய்விட்டது. வெளுக்கன் தடம் பார்த்துப் போனான். மத்தியானம் மூங்கில் காட்டில் கண்டுபிடித்தோம். குட்டிமேல் சாணியும் சேறும் பூசி, கொஞ்சம் தள்ளி இறக்கிவிட்டு மரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம்.

தாய் வந்தாள். ஓட்டமாகவே வந்தாள். துதிக்கையால் முதுகைத் தடவினாள், வாயைத் தொட்டாள், நெற்றிக்கு வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். திரும்பத் திரும்ப நெற்றியையே மோந்தாள். பிறகு இரண்டடி பின்னால் போனாள். அப்போதும் போய்விடவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தாள். குட்டிதான்... குட்டிதான் திரும்பி எங்கள் பக்கம் ஓடிவந்தது. நேராக என்னிடம். என் விரலைத் தேடியது. போடி, போ, அம்மாகிட்ட போ என்று தள்ளினேன். அது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது. தாய் எங்களைப் பார்த்துவிட்டாள். ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள். அப்புறம் திரும்பிப் போய்விட்டாள்.

ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன் நான். கர்த்தாவே.

அக்டோபர் 6

மறுபடி கொண்டுபோய் விட்டுப் பார்த்தோம். தாய் இன்று பக்கத்திலேயே வரவில்லை.

அக்டோபர் 8

கூட்டம் மலையேறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டதாக வெளுக்கன் சொன்னான். அன்றைக்கு டா போட்டதற்கு மன்னித்துக்கொள் என்றேன். "என்கிட்ட கேட்டு என்ன மேடம்" என்றான். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான், அதுதான் தாங்கவில்லை.

அக்டோபர் 21

மாளுவை லாரியில் யானை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஏறமாட்டேன் என்று அடம் பிடித்தது. நான் முன்னால் ஏறினேன், பின்னாலேயே ஏறிவிட்டது. நான் இறங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 11

முகாமுக்குப் போனேன். காலில் சங்கிலி. இப்போதே பழக்கினால்தான் பெரியதானபின் சொன்னபடி கேட்குமாம். என்னைக் கண்டதும் சங்கிலி இழுபடுகிற அளவுக்கு ஓடி வந்தது. "பாருங்க, உங்களை மறக்கவே இல்லை!" என்று பாகன் சந்தோஷப்பட்டான். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. "உயிரோடதானே இருக்கு, வேளாவேளைக்குத் தின்னுது, அப்புறம் என்னடி?" என்றார் ஜோயி. அவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் என்ன செய்வார் பாவம்.

அக்டோபர் 4

இந்த வருட விழா முகாமிலேயே. மாளு இருக்கும்போது கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். துதிக்கையைத் தூக்கி வணக்கம் வைக்கப் பழக்கியிருக்கிறார்கள். எனக்குப் பாராட்டுப் பத்திரம். குட்டியைக் காப்பாற்றியதற்கு. வேண்டாம் என்று ரேஞ்சரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "பேரு அச்சாயிடுச்சு வல்சம்மே. பேசாம வந்து வாங்கிட்டுப் போங்க."

கூப்பிடும்வரை மாளுவின் கொட்டில் பக்கம் நின்றிருந்தேன். அங்கே புதிதாக ஒரு பலகை. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் அதை வாய்விட்டுப் படித்தாள். "தாயால் கைவிடப்பட்ட நிலையில் மீட்கப்பட்டது." படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பெத்த வயிறா அது? இந்தப் பச்சை மண்ணை விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சு?"

அது என் வரி. போன வருடம் மேலே அனுப்பிய அறிக்கையில் நான் எழுதியது. இந்த நோட்டில்கூட அதை எழுதவில்லை, என்னிடமே மறைத்துவிட்டேன். என்மேல் ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று பழியைத் தூக்கி அந்தத் தாய்மேல் போட்டேன். அது வந்து இல்லேன்னு சொல்லப்போகுதா?

"அது விட்டுட்டுப் போகல" என்றேன். "நாலு நாள் சரியா மேயாம ஓடைக்கரையில நின்னுச்சு. நாங்கதான் குடுக்கல."

அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "ஐயோ. ஏன் சேச்சி குடுக்கல?"

"இந்த விழாவுக்காக."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பந்தலைப் பார்த்தாள், மாளுவைப் பார்த்தாள், என் சட்டையில் குத்தியிருந்த பூவைப் பார்த்தாள். அதற்குள் மைக்கில் என் பேரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். போனேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். போட்டோவுக்குத் திரும்பச் சொன்னார்கள், திரும்பினேன்.

அங்கிருந்து பார்த்தேன். அந்தப் பெண் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி வாசல் பக்கம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள்.