கோயில் மீற்றரில் ஓடிய எங்கள் சூளை

கையெல்லாம் களிமண்ணோடு ஓடிவந்து கட்டிப்பிடித்து, என் சட்டையை நாசமாக்கிவிட்டுச் சிரிக்கும் என் றெஜினா மச்சாளுக்கு,

வருகிற ஞாயிறு உன் ஆண்டுத் திருப்பலி. நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி உன் அண்ணா, அதுதான் என் மனுசன், கேட்டார். "அவளோடை கூடவே நிண்டனி நீதானே, நாலு நல்ல வசனம் எழுதித் தாவன்" என்றார். தங்கச்சியை நினைத்துக் கண் கலங்கி நின்ற மனுசனிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எழுத உட்கார்ந்தேன். நல்ல வசனம் வரவில்லை, மச்சாள். கோபம்தான் வருகிறது.

முதலில் ஊர்ப் புதினம் சொல்கிறேன். நீ போனபின் உன் வளவில் நாம் பாத்திரம் சுடுகிற கரண்ட் சூளை பல மாதம் குளிர்ந்து கிடந்தது. நறுவிலிக்குளத்திலிருந்து களி ஏற்றிவருகிற மனுசன் இப்போதும் உன்னைக் கேட்கிறார். "அந்த அக்கா இருந்தா இவ்வளவுக்கு என்னோடை சண்டை பிடிச்சிருப்பா" என்று சொல்லிவிட்டு, நான் பேரம் பேசாமலே விலையைக் குறைத்தார். மடுத் திருவிழாவுக்குக் குட்டி மாதா சுரூபங்கள் கேட்டுக் கடைக்காரரும் வந்தார். ஓம் என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் பயம் வந்தது. வனைவதும் பூச்சுப் பூசுவதும் எனக்குத் தெரியும். சூளையை மட்டும் நீ என்னிடம் தந்ததே இல்லையே!

"உனக்கு மனுசன் பிள்ளையள் இருக்கு, போய்ப் படு. ராவிலை கரண்ட் மலிவு. சூளையை நான் பாத்துக்கொள்ளுறன்" என்பாய். எனக்காக நித்திரை முழிக்கிறாய் என்று எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன். கரண்ட் விலை ஏறி ஊரே தலையில் கைவைத்த காலத்திலும் நம் பில் ஏறவில்லை. எப்படியடி என்று கேட்டால் பாடம் எடுப்பாய். பாத்திரம் ஈரமில்லாமல் எலும்புபோலக் காயவேண்டும். சூளையில் ஒரு விரல் இடமும் சும்மா கிடக்கக்கூடாது. குறைந்த சூட்டில் உருகும் பூச்சுத்தான் வாங்கவேண்டும். சூடு ஆறுமுன் மூடியைத் திறக்கக்கூடாது. நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இரவில் தனியே நிற்கப் பயந்து, நான் பட்டப்பகலில் சூளையைப் போட்டேன். போட்டுவிட்டு, கரண்ட் எவ்வளவு இழுக்கிறது பார்ப்போம் என்று உன் வீட்டு மீற்றரடிக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. சூளைக்குக் கிட்டப் போகமுடியாத சூடு. மீற்றரின் சில்லு அசையவே இல்லை. மீற்றர் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்சம் சந்தோசப்பட்டேன் என்றும் சொல்லவேண்டும்.

பிறகு வயரைப் பார்த்தேன். அது வீட்டுப் பக்கம் போகவில்லை. வேலியோரம் மண்ணுக்குள் இறங்கி, பக்கத்துச் சந்திக் கோயிலின் பின்சுவர் ஓட்டைக்குள் போனது. கோயிலைச் சுற்றி முன்னுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. ஆளில்லாத கோயிலின் மீற்றரில் சில்லு சுற்றோ சுற்றென்று சுற்றியது. அந்த மண்ணிலேயே இருந்துவிட்டேன், மச்சாள். உள்ளே வெந்துகொண்டிருந்ததும் மாதா சுரூபங்கள்தான்.

களவு என்பது பெரிய சொல். கடன்பட்டு வாங்கிய சூளை கைவிட்டுப் போய்விடும் என்று பயந்திருப்பாய். அதை என்னால் விளங்கிக்கொள்ள முடியும். என் அப்பாவை நீ என்ன செய்தாய் என்பதைத்தான் என்னால் விழுங்கமுடியவில்லை.

உனக்குத் தெரியும், வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கோயிலின் சாவியைப் பல வருசமாக வைத்திருந்தவர் என் அப்பா. கடலால் வந்ததும் மீன் மணத்தோடே போய் முற்றம் கூட்டுவார். கோயில் பில் திடீரென்று ஏறியபோது பங்குச் சுவாமி கூட்டம் வைத்தார். அப்பா எப்போதாவது தன் வள்ளத்துப் பற்றறியைக் கோயிலில் சார்ஜ் போடுவது எல்லாருக்கும் தெரியும். "வேறை ஆர்? சாவி அவரிட்டைத்தானே" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். ஒரு பற்றறி இவ்வளவு கரண்ட் குடிக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்பா எழும்பிப் போய்ச் சாவியைச் சுவாமியின் மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். நான் அழுதேன். நீ என் பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். "அழாதை மச்சாள், கடவுளுக்குத் தெரியும்" என்றாய். கடவுளுக்குத் தெரியும் என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

அதன்பிறகு கொஞ்சக் காலம் நீ சூளை வைக்கவில்லை. "களி காயேல்லை, ஈரத்தோடை வைச்சா வெடிக்கும், கரண்டும் வீண்" என்றாய். வெயில் கொளுத்திய காலம் அது. நான் அதையும் நம்பினேன். கோயில் பில் குறைந்தது. "பாத்தியளே, சாவி கைமாறினவுடனை குறைஞ்சிட்டுது" என்று சந்தியில் கதைத்தார்கள். நீ சூளை வைக்காமல் விட்ட அந்த நாட்கள்தான் என் அப்பாவை ஊர் முன்னால் கள்ளனாக்கின. பிறகு கரண்ட் விலையே தாறுமாறாக ஏறியது. கோயில் பில் மறுபடி கூடியதை யார் கவனித்தார்கள்?

கரண்ட் கந்தோருக்கும் போய் விசாரித்தேன். "இந்தப் பழைய மீற்றருக்கு ராவும் பகலும் ஒரே விலைதான் தங்கச்சி. நேரத்துக்கு நேரம் விலை வேணுமெண்டா வேறை மீற்றர் போடவேணும்" என்றார் அங்கிருந்தவர். இரவில் மலிவு என்றாயே. மலிவுக்காக இல்லை, ஒருவரும் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் இரவு, இல்லையா?

இனிச் சொல்லப்போவது உனக்கும் தெரியாதது. வயரைக் கண்ட அன்றே அப்பாவிடம் ஓடினேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை.

"எனக்குத் தெரியும். கூட்டத்துக்கு முன்னமே தெரியும். முத்தம் கூட்டேக்கை வயரைக் கண்டனான்" என்றார்.

"அப்ப ஏனப்பா சொல்லேல்லை?"

கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "நீயும் சேந்துதான் செய்யிறியெண்டு நினைச்சன், பிள்ளை."

விளங்குகிறதா, மச்சாள்? தன் மகள் கோயில் கரண்டைக் களவெடுக்கிறாள், அதற்கும் மேலே தகப்பனை ஊர் கள்ளன் என்று சொல்லும்போது பக்கத்தில் இருந்து நடித்து அழுகிறாள் என்று அந்த மனுசன் இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறார். நினைத்துக்கொண்டே என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறார். நான் அவர் பெயர் எழுதி அந்தச் சூளையில் சுட்டுக் கொடுத்த கோப்பையில் அவர் ஒருநாளும் தேத்தண்ணி குடிக்கவில்லை. "சில்வர் கப்தான் கைக்குப் பழக்கம்" என்பார். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். நீ எடுத்த கரண்டுக்கு யூனிட் உண்டு, விலை உண்டு. இதற்கு என்ன விலை போடுவாய்?

இன்னொரு கொடுமை கேள். நீ சொன்ன பாடங்கள் எல்லாம் உண்மை! வயரை வெட்டிவிட்டு, உன் வீட்டு மீற்றரில் நேராக இணைத்து, நீ சொன்னபடியே காயவைத்து, நெருக்கி அடுக்கி, ஆறும்வரை மூடியில் கை வைக்காமல் சுட்டேன். பில் வந்தது. கூடத்தான். ஆனாலும் மூச்சுவிடலாம். புது மீற்றருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சுரூபத்துக்குக் கொஞ்சம் விலை கூட்டினேன், கடைக்காரர் முகத்தைச் சுழித்துவிட்டு வாங்கிப் போனார். இருவரும் சேர்ந்திருந்தால் இதை அன்றைக்கே செய்திருக்கலாமே. ஒரு வார்த்தை, "மச்சாள், பில் கட்டேலாமல் கிடக்கு" என்று என்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா?

உன் அண்ணாவிடமும் சொல்லிவிட்டேன். "செத்தவளை ஏனப்பா இழுக்கிறாய்?" என்றார். "என்ரை அப்பா இன்னும் சாகேல்லை" என்றேன். அவர் எழும்பி வெளியே போய்விட்டார். இரவு வந்து, "மலரிலை போட என்னாலை ஏலாது. நீ வாசிக்கிறதெண்டா நான் தடுக்கேல்லை" என்றார்.

ஆகவே இது மலரில் வராது. ஞாயிற்றுக்கிழமை உன் பூசை முடிந்ததும், அன்று கூட்டம் நடந்த அதே இடத்தில் நின்று நானே வாசிப்பேன். சுவாமியிடம் கேட்டுவிட்டேன். அப்பாவை முன்வாங்கில் இருத்துவேன். கோயிலுக்கு நாம் கொடுக்கவேண்டியதைச் சூளை வைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பேன். பிறகு உன் கல்லறைக்கு வந்து மெழுகுதிரி கொளுத்துவேன். மன்னித்துவிட்டேன் என்று அங்கே பொய் சொல்லமாட்டேன். நம் இருவருக்கும் இடையில் பொய் இனிப் போதும்.

நான் கள்ளி இல்லை என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கள்ளன் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் தெரியும். அதை நீ உயிரோடு இருந்து சொல்லியிருக்கவேண்டும், மச்சாள்.

என்ன செய்தாலும் இந்த உறவை மாற்றமுடியாது என்பதால்,
இன்னமும் உன் மச்சாள்,
அனற்றா
வங்காலை