திரு இல்லாத மலை

குருநகர்,
புரட்டாதி கடைசி.

இயேசு மரி சூசையின் காவலிலும், அதற்கு அடுத்தபடியாக உங்கள் தலைமைச் சகோதரியின் காவலிலும் இருக்கும் அன்புள்ள அக்கா றொசாந்திக்கு, தங்கச்சி யசிந்தா எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்குத் தொண்டை நல்ல சுகம். அதனால் எனக்குக் காதுதான் கொஞ்சம் சுகமில்லை.

இந்தக் கடிதத்தோடு சேர்த்து இன்னொரு கடிதமும் உன் கையில் தந்திருப்பார்கள். அது நான் முன்னரே போட்டது. ‘இந்த மாதக் கடைசி ஞாயிறு காலை மடத்து வாசலில் வந்து நில், ஒரு புதுமை நடக்கும்’ என்று அதில் எழுதியிருந்தேன். இப்போது போய் நிற்காதே. அந்த ஞாயிறு போய்விட்டது. உன்னைப்போல் பயிற்சியில் இருக்கும் நவகன்னியருக்கு வருகிற கடிதங்களை மாதத் தொடக்கத்தில் மட்டும்தான் கொடுப்பார்கள் என்று உங்கள் வாசல் காவல்கார ஐயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரை நான் எங்கே கண்டேன் என்று யோசிப்பாய். உங்கள் வாசலில்தான் கண்டேன். நான் தனியே வரவில்லை. அப்பாவும் வந்தார்.

எழும்பி ஓடாதே. இருந்து வாசி.

மார்கழி எட்டாம் திகதி நீ கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கும் நாள். தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் நின்று பிள்ளையைப் பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். அம்மா அதை வாசித்துக் காட்டியபோது அப்பா, “கடவுளுக்கு என்ன ஆள் பஞ்சமோ? என்ரை பிள்ளைதான் கிடைச்சதோ? நான் அந்த வாசல் மிதியன்” என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருசத்துக்கு முன் நீ மடத்துக்கு வெளிக்கிட்ட அன்றைக்கும் அவர் கடலால் வராமல் விட்டவர்தானே. நீ அங்கே கொடுக்கப்போவது வார்த்தைப்பாடு. இவருக்கு இங்கே அன்றிலிருந்து வார்த்தை இல்லாத பாடு. உன் மடம் இருக்கும் ஊரின் பெயரைக்கூட வீட்டில் சொல்லவிடமாட்டார். அம்மா இருந்து அழுதார். நான் இருந்து யோசித்தேன். நான் யோசித்தால் யாருக்காவது ஆபத்து என்று உனக்குத் தெரியும்.

எங்கள் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் சிவரூபன் சேர், மலைநாட்டில் நடக்கும் ஒரு போட்டிக்குப் பெடியங்களைக் கூட்டிப்போக இருந்தார். முதலில் குளத்தில் முக்கால் கிலோமீற்றர் நீச்சல், கரையேறியதும் இருபது கிலோமீற்றர் சைக்கிள், அதால் இறங்கியதும் ஐந்து கிலோமீற்றர் ஓட்டம். விருப்பமுள்ள எவரும் சேரலாம். வயதுக் கட்டுப்பாடு இல்லை. பாதையின் படத்தைச் சேர் காட்டினார். மேடு பள்ளமாக, இசிஜி எடுத்த தாள் மாதிரி இருந்தது. அதில் ஆக உயரமான மேட்டுக்குக் கிட்ட ஒரு சிறிய சிலுவை போட்டிருந்தது. அது உங்கள் மடம். சேரின் காதில் விசயத்தைப் போட்டுவிட்டு, அங்கேயே அப்பாவின் பெயரைப் பதிந்துவிட்டேன். கனிசியஸ், கடற்றொழில், குருநகர்.

அப்பாவிடம், “மலையிலை ஒரு போட்டி அப்பா, நீந்தவும் வேணும்” என்று மட்டும் சொன்னேன். “திருமலையிலையோ?” என்றார், திருகோணமலையை நினைத்துக்கொண்டு. நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மலைக்கு மரியாதையாகத் திரு போட்டவர் அவர். பொய் சொன்னது வேறு இடத்தில். வல்வெட்டித்துறையில் செல்வரட்ணம் என்று ஒரு ஆள் பெயர் கொடுத்திருக்கிறார், குருநகர் ஆக்கள் வள்ளத்தால் விழுந்தால்தான் நீந்துவினம் என்று சொல்லித் திரிகிறாராம் என்றேன். அப்படி ஒரு செல்வரட்ணம் கிடையாது. அப்பா அன்று பின்னேரமே சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேரின் வீட்டுக்குப் போய்விட்டார்.

சேர் தன்னுடைய பந்தயச் சைக்கிளைக் கொடுத்தார். அதன் கைபிடியைக் கண்டதும் அப்பா, “இதென்ன கிடாய்க் கொம்பு? குனிஞ்சுகொண்டு ஓடினால் றோட்டிலை போற சனத்துக்கு எப்பிடித் தலையாட்டுறது?” என்று கேட்டார். ஏறிப் பழக யாழ்ப்பாணத்தில் மலை ஏது? கீரிமலையில்கூட இறங்கிக் குளிக்கத்தான் படி கட்டியிருக்கிறார்கள். ஆனால் எங்களிடம் சோளகக் காற்று இருக்கிறது. பண்ணைப் பாலத்தால் வெளிக்கிட்டு அந்தக் காற்றுக்கு எதிரே வேலணை வரைக்கும் மிதித்துவிட்டு வரும்படி சேர் அவரைக் கிழமைக்கு மூன்று தரம் விரட்டினார். “போகேக்கை நெஞ்சிலை பிடிச்சுத் தள்ளுது, வரேக்கை முதுகைத் தடவி விடுது. கொம்மான்ரை குணம்” என்று அப்பா, அம்மாவின் காதில் விழாமல் என்னிடம் இரகசியமாகச் சொன்னார். இரண்டு வருசத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் பகிடி அது. அதற்காகவே செல்வரட்ணத்துக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தலாம்.

சனிக்கிழமை சேரின் வான் வண்டியில் வெளிக்கிட்டோம். வவுனியாவில் வான் இடப்பக்கம் திரும்பவில்லை. அப்பா எட்டிப் பார்த்து, “சேர், திருமலை றோட்டை விட்டிட்டீங்கள்” என்றார். சேர் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். நான் வேறை மலை என்றேன். எந்த மலை என்று அப்பா கேட்டார். “திரு இல்லாத மலை” என்றேன். பெடியங்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தம்புள்ளை தாண்டி வீதி மேலே எழும்பத் தொடங்கியதும், கடலில் புயல் மேகத்தைப் பார்க்கிற மாதிரி அந்த மேடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் மலைநாட்டில் எத்தனையோ ஊர் இருக்கிறது. உன் ஊர் எது என்று காதில் விழாமல் பார்த்துக்கொண்ட மனிதருக்கு என்ன தெரியும்?

ஞாயிறு காலை நடந்த நீச்சலைக் கேள். கடல் தாங்குகிற மாதிரிக் குளம் ஆளைத் தாங்காதாம். “உப்புமில்லை, பிடிமானமுமில்லை, ஆசுப்பத்திரிச் சாப்பாடு மாதிரி” என்றார். அப்படியிருந்தும், அத்தனை இளந்தாரிகளுக்கும் நடுவில் ஐந்தாவது ஆளாகக் கரையேறினார். ஏறியதும் சைக்கிளைத் தேடவில்லை. “எங்கை அந்தச் செல்வரட்ணம்?” என்று கேட்டார். அவருக்கு வயிற்றாலை போகுதாம் என்றேன். “பாவம்” என்றார். ஒரு மனிதர் இவ்வளவு சந்தோசமாகப் பாவம் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் வானில் முந்திக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்தது. காவல்கார ஐயா, “எல்லாரும் பூசையில இருக்காங்கம்மா, நடுவுல கூப்பிட முடியாது” என்றார். கடிதக் கதையும் அப்போதுதான் வெளியே வந்தது. என்னுடைய பெரிய மூளை உங்கள் வாசலில் சுக்கல் சுக்கலாகக் கிடந்தது. ஒவ்வொருவராக மேடேறி என்னைக் கடந்து போனார்கள். நீச்சலில் பின்னால் விட்ட முக்கால்வாசிப் பேரும் அப்பாவை முந்திவிட்டார்கள். கடைசியில் வளைவால் அவர் வந்தார். ஓடி வரவில்லை. இறங்கி, சைக்கிளை வள்ளம் இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். பிறகு என் தலைக்கு மேலே இருந்த பெயர்ப்பலகையை வாசித்தார்.

அக்கா, அவர் ஏசுவார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். உள்ளே காணிக்கைப் பாட்டுத் தொடங்கியது. அவர் சைக்கிளை மதிலில் சாத்தினார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தார். பின்னால் வந்த இரண்டு பேர் அவரையும் கடந்து போனார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “உவளும் பாடுறாளோ?” என்று கேட்டார். எல்லாரும் சேர்ந்து பாடினால் எப்படித் தெரியும் என்றேன். கையைக் காட்டி என்னை அடக்கினார். கொஞ்சம் பொறுத்து, “ஒரு குரல் மற்றதுகளுக்கு முந்தி எடுக்குது, கேட்டியோ? அது உவள்தான். பொறுமை கிடையாது” என்றார்.

நீ எங்கள் கோயில் பாடகர் குழுவிலும் அப்படித்தானே முந்துவாய். எத்தனை தரம் ஏச்சு வாங்கினாய். அங்கேயும் இன்னும் திருந்தவில்லை என்று கேட்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. பாட்டு முடியும் வரைக்கும் அப்பா நின்றார். பாட்டு முடிந்த பிறகும் நின்றார்.

பூசை முடிய உள்ளே போவோமா என்று கேட்டேன். “விசரே உனக்கு? உந்தக் களிசானோடை கன்னியாஸ்திரி மடத்துக்குள்ளை போறதோ?” என்றார். கவனி அக்கா. போகமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. முழங்காலுக்கு மேலே நின்ற அந்தக் களிசானைத்தான் குறை சொன்னார்.

போட்டி நடத்துபவர்களில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, ‘விடப்போகிறீர்களா, வாகனத்தில் ஏற்றவா’ என்று சிங்களத்தில் கேட்டார். அப்பா தலையை ஆட்டி இல்லையென்றார். கவசத்தைப் போட்டார். இழுக்காமல், ஏறி மிதித்தார். மிச்ச மேட்டை ஏறி முடித்தார். நான் அடுத்த வளைவில் அவர் மறையும் வரைக்கும் பார்த்தேன். குனிந்துதான் ஓடினார், ஒருவருக்கும் தலையாட்டவில்லை. ஓட்டத்தில் அவர் கடைசிக்கு முதல் ஆள். அவருக்குப் பின்னால் வந்தவர் கொழும்பில் வங்கி வேலை செய்கிற ஒரு பெடியன். அவனை “வாங்கோ தம்பி, வாங்கோ, கிட்டத்தான்” என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தாராம். முடித்த எல்லாருக்கும் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். அதைச் சட்டைப் பையில் போட்டார், கழுத்தில் போடவில்லை.

வரும்வழியில் என்னை ஏசுவார் என்றிருந்தேன். அதுவும் இல்லை. வீட்டில் அம்மா, போட்டி எப்படி என்று கேட்டதற்கு, “நல்ல பாட்டு” என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் மீன் கழுவப் போய்விட்டேன்.

நேற்றுப் பின்னேரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமல், “அங்கை இரவிலை நல்லாக் குளிருமே?” என்று கேட்டார். யாருக்கு என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, அக்காவைத்தான் கேட்கவேண்டும் என்றேன். அவர் ஊசியைப் பிழையான கண்ணியில் விட்டார்.

அதனால் அக்கா, உன்னை ஒன்று கேட்கிறேன். வார்த்தைப்பாட்டைப் பற்றி அவருக்கு எழுதாதே. பீடத்தைப் பற்றி எழுதாதே. மன்னிப்பும் கேட்காதே, கேட்டால் அவருக்குப் பதில் சொல்லத் தெரியாது, திரும்பவும் கடலுக்குப் போய்விடுவார். அப்பாவின் பெயருக்குச் சின்னதாக ஒரு கடிதம் போடு. இங்கே குளிருகிறது அப்பா என்று எழுது. ஒரு கம்பளிச் சட்டை வேண்டும் என்று எழுது. மார்கழி எட்டுக்கு முதல் வேண்டும், தபாலில் போட்டால் வந்து சேராது, யாராவது கையோடு கொண்டுவந்துதான் தரவேண்டும் என்றும் எழுது.

குளிராவிட்டாலும் எழுது. அந்தப் பாவத்தை நான் இங்கே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். பங்குச் சுவாமிக்கு என் பாவங்களைக் கேட்டுப் பழக்கம். எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கட்டும், அக்கா.

உன் வருகைக்கல்ல, உன் நடுக்கத்துக்குக் காத்திருக்கும்
தங்கச்சி
யசிந்தா